முகப்புப் பக்கத்துப் படம்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்ற சந்தேகம் எனக்கு இன்றும் தீரவில்லை. பேனையை ஆணி மாதிரி அழுத்துவேன். தாளின் மற்றப் பக்கத்தைத் தடவினாலும் எழுத்து கையில் படும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லச் சொல்ல வேறு யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவரின் முகத்துக்கு நேரே இருந்து இதைச் சொல்ல என்னால் முடியாது. அதனால்தான் இவ்வளவு காலமும் சொல்லாமல் இருந்தேன்.

கடல் ஊருக்குள் ஏறிவந்த அழிவு ஆறுவதற்குள் சண்டை மறுபடியும் தொடங்கியிருந்த காலம் அது. அதற்கு ஆறேழு வருடம் முன்பு வரைக்கும் நான் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். முதுகு விட்டுப்போன பிறகு, துறைமுகத்துக்குப் போகிற தெருவில் ஒரு வாடகை வீட்டில் நடந்துவந்த சிறிய உதவி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இடம்பெயர்ந்து வந்த பெண்களுக்கு, அதிலும் விதவைகளுக்கு முதலில், தையல் மெசின் கொடுப்பார்கள். வெட்டிய துணியை வீடுகளுக்கு அனுப்பி, அவர்கள் தைத்த தலையணை உறைகளையும் பள்ளிக்கூடச் சட்டைகளையும் கடைகளுக்குக் கொடுப்பார்கள். துணிமூட்டையைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்து, தைத்ததை வாங்கி வருவது என் வேலை. கந்தோரைக் கூட்டுவதும் தேநீர் வைப்பதும் நான்தான்.

கந்தோரை நடத்தியவரை எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அரசாங்கக் கச்சேரியில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மேசையில் ஒரு சின்ன மாதா சொரூபமும் அதற்குப் பக்கத்தில் ஒரு கணினியும் இருக்கும். கணினி நின்றுபோனால் முதலில் மாதாவைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். நான் போய் மின்கம்பியை இழுத்துச் செருகுவேன். கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் ஒருவர் கண்ணிலும் படாமல் வாழப் பழகியவன். அந்தக் காலத்தில் அதுதான் என் பாதுகாப்பு. வெளிறிய சட்டைதான் போடுவேன். சைக்கிள் மணியையும் கழற்றி வைத்திருந்தேன். மணி அடித்தால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தெருவில் இராணுவக் காவலரணில் என் முறை வரும்போது அடையாள அட்டை கையில் தயாராக இருக்கும், கண் நிலத்தில் இருக்கும். பெண்களோடு கதைக்கும்போதும் அப்படித்தான். அது பயத்தால் அல்ல, கூச்சத்தால். வாசற்படியைப் பார்த்துக்கொண்டே, “இந்த முறை முப்பது உறை, தங்கச்சி,” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஆறு வருடமாகத் துணி கொடுத்த பெண்களில் பாதிப் பேரை எனக்குக் காலால்தான் அடையாளம் தெரியும்.

மிஸ்ஸின் தம்பி லண்டனில் இருந்தார். இரவில் பெட்ரோல் நிலையத்தில் வேலை, பகலில் ஆட்களுக்கு இணையத்தளம் செய்துகொடுப்பார். எங்கள் நிறுவனத்துக்கும் ஒன்று செய்து தந்தார். வெளிநாட்டில் இருப்பவர்கள் எங்களைப் பற்றி அறிந்தால் இன்னும் பல பெண்களுக்கு மெசின் கொடுக்கலாம் என்பது எண்ணம். ஒரு நாள் தொலைபேசியில் அவர் கதைத்ததை மிஸ் எனக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தார்.

“அக்கா, நீங்கள் அனுப்பினதையெல்லாம் போட்டிட்டன். ஆனா ஒரு சனமும் வாசிக்காது. எழுத்து, எழுத்து, எழுத்து. சங்கக் கூட்ட அறிக்கை மாதிரிக் கிடக்கு.”

“அப்ப என்னடா வேணும்?”

“முகம் வேணும். முகப்பில பெரிசா ஒரு முகம். அந்தக் கண் பாக்கிற ஆளைப் பாக்கோணும். வாறவன் மூண்டு செக்கனுக்கு மேல நிக்க மாட்டான். அதுக்குள்ள மனசில தைக்கோணும்.”

“தைக்கிறது எங்கட தொழில்தானே,” என்று மிஸ் சிரித்தார்.

நான் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு மெல்லக் கேட்டேன். “இந்தத் தளம் எங்க இருக்கு மிஸ்? லண்டனிலயோ?”

“எல்லா இடத்திலயும் இருக்கு தம்பி. ஆர் வேணுமெண்டாலும் பாக்கலாம்.”

“இஞ்ச இருக்கிறவையுமோ?”

“ஓம், இஞ்ச இருக்கிறவையும்தான்!”

அவர் அதைச் சந்தோசமாகச் சொன்னார். நான் குசினிக்குப் போய், கழுவி வைத்திருந்த கோப்பையை மறுபடியும் கழுவினேன்.

படம் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மிஸ்ஸுக்கு இழுப்பு நோய், வெயிலில் அலைய முடியாது. புதிய ஆள் போனால் பெண்கள் கதவு திறக்க மாட்டார்கள். என்னைத்தான் ஒருவரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. லண்டனில் இருந்து யாரோ கொண்டுவந்து தந்த சின்னக் கமராவை மிஸ் என் கையில் வைத்து, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டினார். நிறுவனத்தின் முத்திரை குத்திய கடிதம் ஒன்றும் தந்தார். கமராவைத் தலையணை உறைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

அந்த நாட்களில் கமராவோடு காவலரண் தாண்டுவது சின்ன விசயமில்லை. முதலாவது காவலரணிலேயே மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். கடிதத்தை நீட்டினேன். காவலுக்கு நின்ற சிப்பாய் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கமராவை எடுத்தான். அவன் கமராவை என்னிடமே திருப்பித் தந்து, துவக்கை நேராகப் பிடித்துக்கொண்டு, “என்னை ஒண்டு எடு,” என்றான். காவலரணைப் படம் எடுத்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். அவன் வாங்கிப் பார்த்தான்.

“தலை எங்கே?” என்றான்.

உண்மையாகவே படத்தில் தலை இல்லை. தோளில் இருந்து சப்பாத்து வரைக்கும்தான் இருந்தது. அவன் விழுந்து விழுந்து சிரித்து, உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, அந்தப் படத்தைத் தானே அழித்தான். பிறகு கையை ஆட்டி என்னைப் போகச் சொன்னான்.

நான் எடுத்த படங்கள் எல்லாமே கிட்டத்தட்ட அப்படித்தான் வந்தன. பெண்ணின் முகத்துக்கு நேரே கமராவைப் பிடிக்க எனக்குக் கூச்சம். தாழ்த்திப் பிடித்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அழுத்துவேன். மிஸ் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “கடவுளே, தலையில்லாத முண்டமாக் கொண்டுவந்திருக்கிறாய்!” என்றார். அந்தக் கதை தைக்கிற பெண்கள் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. முகம் தெரிந்த படம் நான்கைந்துதான் தேறின. அதில் ஒன்றுதான் மிக நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்.

அது அன்புவழிபுரத்தில் இருந்த ஒரு பெண்ணின் படம். முப்பது வயது இருக்கும். ஈச்சிலம்பற்றில் சண்டை வந்தபோது காடும் ஆறும் கடந்து அலைந்து, கடைசியில் அன்புவழிபுரத்தில் ஓர் உறவினரின் வளவில் தனி அறையும் முன்னால் சாய்ப்பு இறக்கிய பத்தியுமாக ஒரு சின்ன வீட்டில் வந்து ஒதுங்கியவள். கணவன் உழவு மெசின் ஓட்டியவன். செல் குண்டு விழுந்து செத்துவிட்டான் என்று பதிவு எடுத்த இடத்தில் சொல்லியிருந்தாள். கிராம அலுவலரான விதானையாரின் பதிவிலும் காவலரணின் பட்டியலிலும் எங்கள் கோப்பிலும் அப்படித்தான் இருந்தது.

படம் எடுக்கப் போன அன்று, “கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, முகம் கழுவிக்கொண்டு வாறன்,” என்று உள்ளே போனாள். நிறைய நேரம் வரவில்லை. உள்ளே மெல்லிய குரலில் ஏதோ பேச்சுக் கேட்டது. அவள் சாமிப் படத்துக்கு முன்னால் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வந்து மெசினுக்கு முன்னால் இருந்தாள். பின்னால் நீலச் சுவர். நான் வழமைபோல நிலத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு தரம் அழுத்தினேன். ஒன்றில் அவளுடைய கைகளும் மெசினும் மட்டும் வந்தன. மற்றதில் எப்படியோ முகம் முழுவதாக வந்துவிட்டது.

லண்டன் தம்பி அந்த முகத்தை முகப்புப் பக்கத்தில் பெரிதாகப் போட்டார். கீழே, ‘கணவனை இழந்தாள், நம்பிக்கையை இழக்கவில்லை’ என்று எழுதினார். அவர் சொன்னது சரிதான். நாலைந்து நாளைக்குள் எங்கெங்கோ இருந்தெல்லாம் மின்னஞ்சலில் கடிதம் வந்தது. மிஸ் ஒவ்வொன்றையும் எனக்கு வாசித்துக் காட்டினார். “உன்ர படம்தான் தம்பி!” என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அந்தப் படத்தைப் பெரிதாக நான் பார்க்கவே இல்லை. மிஸ்ஸின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று விலகியே நின்றுவிட்டேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் மிஸ் கோபமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, இஞ்ச வா. கனடாவில இருந்து ஒராள் என்ன எழுதியிருக்கிறார் எண்டு கேள்.” மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். “‘விதவைகளுக்கு உதவி எண்டு எழுதிப்போட்டு, பொட்டும் தாலியுமா ஒரு பொம்பிளையை இருத்திப் படம் எடுத்திருக்கிறீங்கள். ஆரை ஏமாத்தப் பாக்கிறீங்கள்?’ பாத்தியோ! நானும் இத்தனை நாளாக் கவனிக்கேல்லை. நீயாவது சொல்லியிருக்க வேண்டாமே?”

அப்போதுதான் முதல் தரம் திரையைப் பார்த்தேன். அவளுடைய முகத்தையும் அப்போதுதான் முதல் தரம் பார்த்தேன் என்று சொல்லலாம். நெற்றியில் வட்டமான பெரிய குங்குமப் பொட்டு. கழுத்தில் தாலிக்கொடி சட்டைக்கு வெளியே கிடந்தது. மற்ற நாட்களில் அவள் வெறும் நெற்றியோடுதான் இருப்பாள் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பரிதாபப்பட்டுக் கதைத்ததை நான் கேட்டிருக்கிறேன்.

“அவளை நாளைக்கு வரச் சொல்லு. எங்களுக்குப் பொய் சொல்லி மெசின் வாங்கினவளோ எண்டு கேக்கோணும்,” என்றார் மிஸ்.

எனக்கு அது பொய் சொல்லி மெசின் வாங்கிய முகமாகத் தெரியவில்லை. புருசன் உயிரோடு இருக்கும்போது பொட்டில்லாமல் படம் எடுக்கிறது எங்கள் பெண்களுக்குச் சாவைக் கூப்பிடுவது போல. தெருவில் பொட்டில்லாமல் போய்வரலாம், அது மற்றவர்களுக்காக. படம் என்றால் அது நிலைத்து நிற்கும். அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் உள்ளே போய் பொட்டு வைத்து, தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். வந்தது நான் என்பதால் பயப்படவில்லை. நான் பார்க்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் படம் எங்கே போய் நிற்கும் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. எனக்கு மிஸ் சொல்லியிருந்தார், நான் அதை அவளுக்குச் சொல்லவில்லை.

அவன் உயிரோடு இருக்கிறான். அன்று உள்ளே கேட்ட பேச்சு சாமியோடு பேசியதல்ல. அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறான். பட்டியலில் செத்தவன் வீட்டில் இருந்தால், பிடித்துக்கொண்டு போக வருகிறவர்கள் பெயர்கூடப் பதிய வேண்டியதில்லை. இல்லாத ஒருவனை இல்லாமல் ஆக்குவதற்கு யார் கணக்குக் கேட்பார்கள்? இது விளங்கியதும் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்னொரு விசயமும் இருந்தது. அந்தக் கிழமை அரசாங்க விசாரணைக்காரர்கள் ஒவ்வொரு உதவி நிறுவனமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை அடுத்த தெருவில் இருந்த நிறுவனத்துக்குப் போய், கணினியைத் திறந்து இணையத்தளத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்களிடமும் இன்றோ நாளையோ வருவார்கள்.

துணி கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். காவலரணில் அந்தச் சிப்பாய் நின்றான். என்னைக் கண்டதும் தன் கழுத்தில் கையை வைத்துத் தலை இல்லை என்று காட்டிச் சிரித்தான். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

அவள் பத்தியில் இருந்து தைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியைப் பார்த்தபடி சொன்னேன்.

“தங்கச்சி, அண்டைக்கு எடுத்த படம் கொம்பியூட்டரில வந்திருக்கு. உலகம் முழுக்கத் தெரியுதாம்.”

“உலகம் முழுக்கவோ, அண்ணை?”

“பொட்டுத் தெரியுது.”

மெசின் நின்றது. நான் அவளுடைய காலைப் பார்த்தேன். மிதியில் இருந்த கால் அப்படியே இருந்தது. பிறகு அறைக்குள் இருந்து ஒரு இருமல் கேட்டது. ஆண் இருமல். அடக்கப் பார்த்து, முடியாமல், துணிக்குள் இருமுகிற இருமல். இரண்டு தரம் குட்டையாக, மூன்றாவது நீளமாக.

“அண்ணை,” என்றாள். குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல இருந்தது. “நீங்கள் ஒண்டும் கேக்கேல்லைத்தானே?”

“நான் ஒண்டும் கேக்கேல்லை.”

“வேற ஆரும் பாத்தவையோ?”

“இஞ்ச ஒருத்தரும் பாத்த மாதிரித் தெரியேல்லை. பாக்கிறதுக்கு முதல் எடுத்துப்போடப் பாக்கிறன்.”

“அண்ணை, இவர் போறதுக்கு வேற இடமில்லை. அந்தப் பக்கமும் தேடுகினம், இந்தப் பக்கமும் தேடுகினம்.”

துணியை வைத்துவிட்டுத் திரும்பினேன். கொடுக்க வேண்டிய எண்ணிக்கையைக்கூடச் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில், எனக்குப் பின்னால் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் வரும்போதும் அது என்னைப் பார்த்துத்தான் வருகிறது என்று நினைத்தேன். படத்தை எடுத்தது நான். கொண்டுபோனால் என்னையும்தான் கொண்டுபோவார்கள். அதையும் நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுதினால் பொய்.

மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். ஆறு வருடத்தில் அவர் கூப்பிடாமல் நான் அங்கே போனது அதுதான் முதல் தரம்.

“மிஸ், அந்தப் படத்தை எடுத்துப்போடச் சொல்லுங்கோ. இண்டைக்கே. காரணம் கேக்காதேங்கோ.”

மிஸ் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். அவருடைய கை தானாகவே மாதா சொரூபத்தைத் தொட்டது. தொலைபேசியை எடுத்தார்.

அங்கே விடிந்துகொண்டிருந்த நேரம். தம்பி வேலை முடிந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

“என்னக்கா விசர்க்கதை கதைக்கிறீங்கள்? அந்தப் படம்தான் தளத்தின்ர உயிர்!”

“அது இன்னொராளின்ர உயிரடா. கேள்வி கேக்காமல் எடு.”

“சரி. ஆனா முகப்பை வெறுமையா விட்டால் பக்கம் இடிஞ்ச வீடு மாதிரிக் கிடக்கும். பாக்கிறவைக்கு என்னத்தையோ எடுத்துப்போட்டம் எண்டு தெரியும். வேற படம் ஒண்டு அனுப்புங்கோ. அதே அளவில.”

முகம் தெரிந்த மற்றப் படங்களை மிஸ் ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் எங்கள் இருவருக்கும் பயம் வந்தது. இவளுடைய அண்ணன் எங்கே? அவளுக்குப் பின்னால் கொடியில் காயும் ஆண்பிள்ளைச் சாரம் யாருடையது? ஒரு காலையில் நாங்கள் எல்லாப் படத்தையும் விசாரணைக்காரரின் கண்ணால் பார்க்கப் பழகிவிட்டோம். கடைசியில் நான் சொன்னேன். “தலையில்லாததை அனுப்புங்கோ மிஸ்.” அவளுடைய கைகளும் மெசினும் மட்டும் விழுந்த படம். அதை மிஸ் ஏற்கனவே குப்பையில் போட்டிருந்தார். கணினிக்குள்ளும் ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து எடுத்து அனுப்பினார். அந்த ஒரு படம் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. எங்கள் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் ஒரே கம்பிதான். படம் போய்க்கொண்டிருக்கும்போது யாராவது அழைத்தாலும் எங்களுக்குக் கேட்காது.

படம் போய்ச் சேர்ந்த பிறகு கம்பி செத்துவிட்டது. தொலைபேசியில் சத்தமே இல்லை. அது அப்போது அடிக்கடி நடப்பதுதான். தம்பி வீட்டுக்குப் போனாரா, மாற்றினாரா, இரவெல்லாம் கண்விழித்த களைப்பில் அப்படியே படுத்துவிட்டாரா, எதுவும் தெரியவில்லை.

“அவன் நித்திரைக் குண்டன்,” என்றார் மிஸ். அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது.

மூன்று மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். இருவரும் சாதாரண உடுப்பு. ஒருவர் நல்ல தமிழ் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார், அது இன்னும் பயமாக இருந்தது.

“மிஸ், உங்கட இணையத்தளத்தைக் கொஞ்சம் காட்டுங்கோ.”

“லைன் இல்லையே. மத்தியானத்திலயிருந்து விழேல்லை.”

“ஒருக்காப் போட்டுப் பாருங்கோவன்.”

மிஸ் பொத்தானை அழுத்தினார். கணினி கீச்சென்று கத்தி, கரகரத்து, முதல் தடவையிலேயே லைன் விழுந்து இணைப்பு வந்துவிட்டது. மூன்று மணித்தியாலம் செத்துக் கிடந்த கம்பிக்கு அந்த நேரம்தான் உயிர் வந்தது. நான் தேநீர்த் தட்டோடு கதவருகே நின்றேன். குசினிக்குத் திரும்பிப் போக நினைத்தேன், போகவில்லை. அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்ற எண்ணமும் அன்று வரவில்லை.

அந்தக் காலத்தில் படம் ஒரேயடியாகத் திரைக்கு வராது. மேலே இருந்து கீழே, ஒரு விரல் அகலம் விரல் அகலமாக, பாய் விரிப்பது போல இறங்கும். முதலில் நிறுவனத்தின் பெயர் வந்தது. அதற்குக் கீழே நீலச் சுவர் வந்தது. பழைய படத்திலும் நீலச் சுவர்தான், புதியதிலும் நீலச் சுவர்தான். இரண்டும் ஒரே இடத்தில் எடுத்தவை. இன்னும் ஒரு விரல் நீலம். இன்னும் ஒரு விரல். மற்றவர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். மிஸ்ஸின் மூச்சு விசில் மாதிரிக் கேட்டது.

பிறகு நீலத்துக்கு நடுவில் கறுப்பு வந்தது.

தலைமயிர் என்று நினைத்தேன். இதற்குக் கீழே வகிடு, அதற்குக் கீழே நெற்றி, நெற்றியில் அது. தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன. தட்டை வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். தேநீர் சட்டையில் ஊற்றிச் சுட்டது. கறுப்பு இன்னும் கொஞ்சம் இறங்கியது. வளைந்தது. வளைவுக்கு நடுவில் நீலம் தெரிந்தது. தலைமயிருக்கு நடுவில் சுவர் தெரியாதே என்று நினைக்க எனக்கு எவ்வளவோ நேரம் எடுத்தது. அது தையல் மெசினின் சக்கரம். அதற்குக் கீழே மெல்ல மெல்ல ஒரு கை வந்தது, பிறகு மற்றக் கை, கைகளுக்குக் கீழே வெள்ளைத் துணி. அவ்வளவுதான். எழுத்தும் மாறியிருந்தது. ‘இந்தக் கைகளுக்கு வேலை கொடுப்போம்’ என்று இருந்தது. நித்திரைக் குண்டன் நித்திரை கொள்ளவில்லை.

தமிழ் பேசியவர் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“ஏன் முகமில்லை?”

மிஸ் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. என்னைக் கையால் காட்டினார். “படமெடுத்த விண்ணனைப் பாருங்கோ. ஒரு படத்திலயும் தலை இல்லை. நம்பாட்டி எல்லாத்தையும் காட்டுறன்.”

அவர் தலையில்லாத படங்களாகத் திறந்து காட்டினார். முகமுள்ளவற்றை எப்போது அழித்தார் என்று எனக்குத் தெரியாது. இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். சட்டை நனைந்து, தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

“ஐயா, அடுத்த முறை கண்ணைத் திறந்து எடுங்கோ,” என்றார் தமிழ் பேசியவர்.

“ஓம் சேர்,” என்றேன்.

மெசின் வாங்கிய பெண்களின் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் அவள் கணவனை இழந்தவள் என்றுதான் இருந்தது. அவர்களுடைய பட்டியலிலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஜீப் போன சத்தம் அடங்கிய பிறகு மிஸ் மேசையில் தலையை வைத்துக்கொண்டார். நான் குசினிக்குப் போய் நிலத்தில் இருந்துவிட்டேன். அன்று நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பிறகும் கதைக்கவில்லை. கனடாக்காரருக்கு, படம் மாறிப் போடப்பட்டுவிட்டது, மன்னிக்கவும் என்று மிஸ் ஒரு வரி எழுதினார். யுத்தம் முடியும் வரைக்கும் எங்கள் தளத்தில் கைகள் மட்டும்தான் இருந்தன. முகத்துக்கு வந்த அளவு கடிதம் கைகளுக்கு வரவில்லை. தம்பி அதைச் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டார். மிஸ் மாற்றவில்லை.

ஆனால் பயம் அன்றோடு முடியவில்லை. ஏற்கனவே பார்த்தவர்களின் மனதில் இருந்து படத்தை எடுக்க யாராலும் முடியாதே. பத்து நாள் அது உலகம் முழுவதும் நின்றது. யார் பார்த்தார், யார் பிரதி எடுத்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு கிழமையும் அன்புவழிபுரத்துக்குத் திரும்பும் சந்தியில், அந்த வீட்டின் கதவு உடைந்து கிடக்குமோ என்று நினைத்துக்கொண்டுதான் திரும்புவேன். கதவு சரியாக இருக்கும். அவள் தைத்துக்கொண்டிருப்பாள். நான் படியைப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்லுவேன். இருமல் கேட்டால் நிம்மதி. கேட்காவிட்டால் அடுத்த கிழமை வரை நித்திரை வராது. நாலைந்து மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் போனபோது வீடு வெறுமையாக இருந்தது. மெசினைத் துடைத்து, மேலே துணி போட்டு மூடி, உறவினரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இவ்வளவு வருடமும் அந்தக் கேள்வி என்னோடுதான் இருந்தது. அவன் தப்பினானா, என் படம் அவனைத் தேடிப்போய்க் கண்டுபிடித்ததா?

போன வெள்ளிக்கிழமை கந்தளாயில் ஒரு அலுவலாகப் போய், பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. இரண்டு தரம் குட்டையாக, மூன்றாவது நீளமாக. திரும்பினேன். நரைத்த தாடியோடு மெலிந்த ஒரு மனிதர் மரக்கறிப் பை ஒன்றை வைத்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணின் காலைப் பார்த்தேன். பிறகு, என் வழக்கத்துக்கு மாறாக, முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் பொட்டு இருந்தது.

“அண்ணை!” என்றாள். அவரைப் பார்த்து, “இவர்தான் அந்த அண்ணை,” என்றாள். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வந்து இருமினார். பிள்ளைகளைப் பற்றி, வயலைப் பற்றி அவள்தான் சொன்னாள். பிறகு கைபேசியை எடுத்து நீட்டினாள்.

“அண்ணை, இப்ப எங்கள் ரெண்டு பேரையும் ஒரு படம் எடுங்கோவன். தலையோட!”

சிரித்துக்கொண்டு வாங்கினேன். உயர்த்தினேன். கண்ணாடிக்குள் இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. வீதியின் மறுபக்கத்தில் ஒரு வாகனம் வந்து நின்றது. அதில் இருந்து இறங்கியவர் யாரோ கடைக்காரர்தான், தோளில் அரிசி மூட்டை இருந்தது. ஆனால் என் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. நிறுத்தவே முடியவில்லை. இரண்டு முகமும் ஆடி ஆடி ஒன்றாகின.

“வேண்டாம் தங்கச்சி,” என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். “வேற ஆரையாவது கேளுங்கோ.”

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “சரி அண்ணை,” என்று கைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேறு யாரையும் கேட்கவில்லை. அவர்களுடைய பஸ் வந்தது, ஏறிப் போனார்கள்.

அந்தப் படத்தை நான் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த நாளில் இருந்து அதுதான் மனதைக் குடைந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதினேன். இதில் அவர்களுடைய பெயர் இல்லை, என்னுடைய பெயரும் இல்லை. எழுதி முடித்தது ஐப்பசி மாதம் ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம்.